மாமாங்கத் தீர்த்தத்துக்கு வரும் மருமகள் என்ன உடுத்துவது?

யூன் 28, 2025 – கேள்வி

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது மட்டக்களப்பு, ஊரை விட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. மகன் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளையை மணம் முடித்திருக்கிறான். இந்த ஆடி அமாவாசைக்குத் தானும் ஊருக்கு, மாமாங்கப் பிள்ளையார் கோவில் தீர்த்தத்துக்கு வரவேண்டும் என்று அந்தப் பிள்ளை தானாகவே கேட்டிருக்கிறாள். விகாரைக்குப் போவதுபோல வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பாவாடையும் உடுத்தி வருவாளாம். என் தங்கையோ, "தீர்த்தத்துக்கு வெள்ளையா? ஊர்ச்சனம் வாய்க்கு வந்தபடி பேசும்" என்கிறாள். சேலை உடுத்தால் அவளுக்கு நடக்க வராது. பேரனுக்கு நான்கு வயது. மகன் சட்டையைக் கழற்றக் கூச்சப்படுகிறான். கோவில் நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யூன் 28, இரவு

அக்கா, அந்தப் பிள்ளை வெள்ளையே உடுத்தி வரட்டும். பௌத்தர்களுக்குப் போயா நாளில் வெள்ளை உடுப்பதுதான் மரியாதை. தன் வீட்டில் தெய்வத்துக்கு முன் எதை உடுத்தாளோ அதையே நம் பிள்ளையாருக்கு முன்னும் உடுத்தி வருகிறேன் என்கிறாள். இதைவிட வேறென்ன வேண்டும்? ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்கள் விரதம் பிடிக்கும் நாள். அன்றைக்குக் கோவில் வீதி முழுக்க வெள்ளை வேட்டியும் வெளிர் நிறச் சேலையுமாகத்தான் இருக்கும். கல்யாணமான பெண் வெள்ளை உடுக்கக்கூடாது என்று முணுமுணுக்கிற கிழவிகள் ஒன்றிரண்டு பேர் எந்தக் கோவிலிலும் இருப்பார்கள். அவர்கள் வாயை அடைக்க வேண்டுமானால் தோளில் ஒரு நிறச் சால்வையைப் போட்டுவிடுங்கள், நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வையுங்கள். முடிந்தது.

சேலை கட்டாயமில்லை. முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடை, கை வைத்த சட்டை, அல்லது சால்வையோடு சுரிதார். உட்கார்ந்து எழும்பும்போதும் விழுந்து கும்பிடும்போதும் அவள் தன் உடுப்பைப் பற்றி யோசிக்காமல் இருக்க வேண்டும், அதுதான் அளவு.

யூன் 29, காலை

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவிலுக்குள் வெள்ளை சரி. தீர்த்தக்குளத்தில் இறங்குவதாக இருந்தால் வெள்ளை வேண்டவே வேண்டாம். நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முழுகுவதற்குத் தனியாக ஒரு உடுப்புக் கொண்டு வாருங்கள்: கடும் நீலம், அரக்கு, கறுப்பு, எதுவானாலும் கனமான பருத்தித் துணி. நைலோன் கலந்தது காயும், ஆனால் காற்றில் பறக்கும். இது கச்சான் காற்று வீசும் காலம், மணலையும் வாரிக்கொண்டு வரும். சேலை உடுத்துகிறவர்கள் முந்தானைக்குத் தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகப் பின் குத்திக்கொள்ளுங்கள். திருவிழாக் காலத்தில் எங்கள் ஊர்க் கோவிலில் பெண்கள் பக்கத்து வாசலில் தொண்டராக நிற்பவள் நான். என் கைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு பெட்டி பின் எப்போதும் இருக்கும். அர்ச்சனைத் தட்டை ஒரு கையிலும் பிள்ளையை மற்றக் கையிலும் வைத்துக்கொண்டு, பறக்கிற முந்தானையைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி நிற்கிற தாய்மாரை எத்தனையோ பேர் கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தேவை உபதேசம் இல்லை, ஒரு பின்.

குளத்தில் சவர்க்காரம், ஷம்பூ எதுவும் பாவிக்கக்கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வேதனை.

யூன் 29, பின்னேரம்

மகனுடைய சட்டை விடயம். எங்கள் பக்கத்துப் பெரிய கோவில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவதுதான் வழக்கம். வேட்டி என்றால் நல்லது. நீளக் காற்சட்டை என்றால் ஒருவரும் மறிக்க மாட்டார்கள். சாரம் (லுங்கி) வீட்டோடு இருக்கட்டும். சால்வை இருந்தால் சுவாமிக்கு முன் தோளில் போடாமல் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். நான்கு வயதுப் பேரனுக்கு எந்த விதியும் இல்லை. அவன் சட்டையோடு வரட்டும், காற்சட்டையோடு வரட்டும், பசித்தால் அழட்டும். ஒட்டு வேட்டி கட்டிவிட்டால் பார்க்க அழகு. ஆனால் அரைமணி நேரத்தில் அவிழ்த்துத் தாத்தாவின் கையில் கொடுத்துவிடுவான், அதற்கும் ஆயத்தமாக வாருங்கள்.

யூலை 1

ஒரு தம்பி, "இந்தியாவில் கோவிலுக்கு என்ன உடுப்பது என்று நீதிமன்றமே சட்டம் போட்டுவிட்டது, இங்கும் போட வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். தம்பி, அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி 2015 இறுதியில் ஒரு உத்தரவு போட்டார். 2016 சனவரி 1 முதல் தமிழ்நாட்டுக் கோவில்களில் ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா அல்லது காற்சட்டையும் சட்டையும், பெண்களுக்குச் சேலை, தாவணி, சுரிதார் என்று அதில் வந்தது. ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கூடாது என்றார்கள். அந்த மாதமே இரண்டு நீதிபதிகள் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்துவிட்டது.

கேரளத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலில் 2016 இறுதியில் நிர்வாக அதிகாரி சுரிதாரோடு பெண்களை விட்டார். எதிர்ப்பு எழுந்தது. உயர் நீதிமன்றம், வழக்கத்தைத் தீர்மானிப்பது தலைமைப் பூசகரான தந்திரி என்றது. அங்கே போகும் பெண்கள் பழையபடி சுரிதாருக்கு மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள். ஓரிடத்தில் முறையான உடுப்பு என்று நீதிபதி எழுதிய சுரிதார் மற்ற இடத்தில் வாசலில் நிற்கிறது. உடுப்பின் பெயரை வைத்துச் சட்டம் எழுதினால் இப்படித்தான் முடியும்.

யூலை 1, இரவு

சட்டை கழற்றுவது பூணூல் இருக்கிறதா என்று பார்க்க வந்த வழக்கம், அதை ஒழிக்க வேண்டும் என்று இன்னொருவர். இதையே 2024 கடைசியில் கேரளத்துச் சிவகிரி மடத்தின் தலைவர் சச்சிதானந்த சுவாமி பெரும் சபையில் சொன்னார். நாராயண குருவின் மடம் அது, அவர்கள் சொல்வதைத் தட்டிவிட்டுப் போக முடியாது. கேரளத்துச் சாதிக் கொடுமையின் வரலாறு அப்படி. எங்கள் ஊர்க் கோவில்களிலும் சாதிப் பூட்டு இருந்ததில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் மேலைத் திறந்து சுவாமிக்கு முன் நிற்கும்போது கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் வயற்காரனும் ஒரே கோலத்தில் நிற்கிறார்கள். விலை கூடிய சட்டையும் கிழிந்த சட்டையும் வெளியே கொடியில் ஒன்றாகத் தொங்குகின்றன. எனக்கு அது பிடித்த காட்சி. இதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

யூலை 4

ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையில் கோவிலில் செய்யத் தகாதவை எவை என்று நீளமாக அடுக்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நேற்று எடுத்து வைத்துத் திரும்ப வாசித்தேன். தலையில் துணி கட்டுவது, தோளில் சால்வை போடுவது, சட்டை போடுவது, செருப்புப் போடுவது எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அவை அந்த நீண்ட வரிசையில் ஒரு சிறு துண்டு. மிச்சம் முழுவதும் நடத்தை: கால் கழுவாமல் போவது, எச்சில் துப்புவது, காலை நீட்டிக்கொண்டு இருப்பது, தலைமயிர் கோதுவது, வெற்றிலை போடுவது, வீண்கதை பேசுவது, சிரிப்பது, சண்டை பிடிப்பது, சுவாமிக்கும் பலிபீடத்துக்கும் குறுக்கே போவது.

வாசலில் நின்று பாவாடையின் நீளத்தை அளக்கிறவர்கள் இந்த மிச்சத்தை ஏன் மறந்தார்கள்? பூசை நடக்கும்போது வசந்த மண்டபத் தூணில் சாய்ந்துகொண்டு காணி விலை பேசுகிற பெரிய மனிதரை எந்தத் தொண்டரும் தட்டிக் கேட்பதில்லை. அவர் முறையாக வேட்டி கட்டியிருக்கிறார், அதனால் தப்பிவிடுகிறார். தீபாராதனைக்கு மணி அடிக்கும்போது கைத்தொலைபேசியில் சினிமாப் பாட்டு ஒலிக்கிறது, எடுத்து, "கோவிலில் நிற்கிறேன், சொல்லு" என்று கதைக்கிறார்கள். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துகொண்டே கதைக்கிறார்கள். எனக்கு மனம் கொதிக்கிறது.

எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றில் போன வருடத் திருவிழாவில் நடந்தது இது. கோவிலின் பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை, பதினாறு பதினேழு வயது இருக்கும், கையில்லாத சட்டையோடு வந்துவிட்டாள். ஒலிபெருக்கியில், "நாகரிகம் தெரியாதவர்கள் உள்ளே வரவேண்டாம்" என்று அறிவித்தார்கள். வீதியில் நின்ற அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவளுடைய அப்பம்மா தன் சேலைத் தலைப்பை இழுத்து அவள் தோளை மூடினார். மூடிய கை நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளை உள்ளே போகவில்லை. அவளுக்குத் தெரியாததை நாலு சொல்லில் காதோடு சொல்லி ஒரு சால்வையைக் கொடுத்திருந்தால் அன்றைக்குக் கும்பிட்டிருப்பாள். இப்போது எங்கள் வாசலில் ஒரு கூடையில் தோய்த்து மடித்த சால்வைகள் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் ஊர்ப் பெண்கள் தந்தவை. திருப்பித் தராமல் போகிறவர்கள் சிலர். போகட்டும்.

யூலை 5

மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் உடுப்பு முக்கியமில்லை என்கிறீர்களா டீச்சர்" என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். முக்கியம்தான் மகளே. கடற்கரைக்குப் போகிற உடுப்போடு கோவிலுக்கு வருவது எனக்கும் பிடிக்காது. தெரிந்தும் அலட்சியமாக வருகிறவருக்குக் கண்டிப்பாகச் சொல்லலாம், தெரியாமல் வந்தவருக்கு இதமாகச் சொல்ல வேண்டும். ஊரறியச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

யூலை 8

சட்டை விடயத்துக்குத் திரும்பி வருகிறேன். படுவான்கரையிலிருந்து ஒரு சகோதரர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு சுருக்கமாகச் சொல்கிறேன். யுத்த காலத்தில் செல் துண்டுகள் பட்டு முதுகும் ஒரு பக்கத் தோளும் தழும்பாகிப்போனவர். சட்டையைக் கழற்றினால் பிள்ளைகள் பார்த்துப் பயப்படுகிறார்கள், பெரியவர்கள் கதை கேட்கிறார்கள், அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்ல அவரால் முடியவில்லை. ஆகவே வருடக்கணக்காகக் கோபுர வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்.

இதை வாசித்த பிறகு, ஒரே கோலத்தில் நிற்பது அழகு என்று நான் எழுதியது எனக்கே போதாமல் தெரிகிறது. சட்டையைக் கழற்றினால் எல்லோரும் ஒன்றாகிவிடுவதில்லை. சிலருடைய உடம்பு அவர்களை இன்னும் தனியாக்கிவிடுகிறது. வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று இப்போதும் நான் சொல்லவில்லை. ஆனால் விலக்கு இல்லாத வழக்கம் கோவிலுக்கு அழகில்லை. எங்கள் ஐயரிடம் போய்க் கேட்டேன். "அவர் ஒரு வெள்ளைச் சால்வையால் மேலை முழுக்கப் போர்த்துக்கொண்டு வரட்டும், நான் இருக்கிற வரைக்கும் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்றார். தோளில் சால்வை போடக்கூடாது என்று நாவலர் சொன்னாரே என்று இனி ஒருவர் எழுதுவீர்கள். அந்த விதியின் உள்ளே இருப்பது பணிவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். செருக்கோடு தோளில் மடித்துப் போடுகிற சால்வை வேறு. காயத்தை மூடுகிற சால்வை வேறு.

சகோதரரே, நீங்கள் எந்தக் கோவிலுக்குப் போகிறீர்களோ அந்த வண்ணக்கரிடம் திருவிழாவுக்கு முன் ஒரு சாதாரண நாளில் போய்ப் பேசுங்கள். கூட்டத்துக்குள் தொண்டரோடு வாக்குவாதம் செய்வதைவிட இது நல்ல வழி. உங்களோடு வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

யூலை 8, இரவு

இதே தொடர்ச்சியில், செயற்கைக் கால் போட்டவர்களை வாசலில் "சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்று மறிக்கிறார்கள் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சில செயற்கைக் கால்களில் பாதம் சப்பாத்தின் குதி உயரத்துக்கு அளந்து செய்யப்படுகிறது. சப்பாத்தைக் கழற்றினால் சமநிலை தவறும், விழுந்துவிடுவார்கள். ஜெய்ப்பூர் கால் அப்படியல்ல. 1960களின் இறுதியில் மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் இராம்சந்திர சர்மாவும் உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கவும் சம்மணம் கொட்டி இருக்கவும் ஏற்ற மாதிரி இறப்பரில் செய்த பாதம். நம் போன்ற நாட்டு மனிதர் கோவிலுக்கும் வயலுக்கும் வெறுங்காலோடு போவார்கள் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். அதைப் போட்டிருப்பவர் வெறும் பாதத்தோடு உள்ளே வரலாம். மற்றக் கால் உள்ளவர் சப்பாத்தின் அடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வரட்டும். சக்கர நாற்காலிக்கும் அப்படியே, சில்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

யூலை 11

அக்கா மறுபடி கேட்டிருக்கிறார்: மருமகளை மாமாங்கத்தோடு மண்டூருக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் கூட்டிக்கொண்டு போகலாமா, எல்லா இடத்திலும் ஒரே முறைதானா?

கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே முறை இல்லை. எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பதும் இதைத்தான். மட்டக்களப்பில் ஒவ்வொரு கோவிலுக்கும் அதனதன் ஒழுங்கு இருக்கிறது. மண்டூர் கந்தசுவாமி கோவிலில் கதிர்காமத்து முறை. கப்புகனார் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார், மந்திரம் கேட்காது. மூலஸ்தானம் திரைக்குப் பின்னால் இருக்கும். மற்றக் கோவிலில் எட்டி நின்று சுவாமியைப் பார்க்க முண்டுவதுபோல அங்கே முண்டக்கூடாது, திரை விலகும்போது உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. திரையைக் கும்பிட வேண்டும். ஒரு சத்தமும் இல்லாத அந்தப் பூசைக்கு முன்னால் நம் ஆட்களே கிசுகிசுப்பதை விட்டுவிடுகிறார்கள். கதிர்காமத்துக்குப் போய்ப் பழகிய உங்கள் மருமகள் அங்கே உங்களைவிட நன்றாக நடந்துகொள்வாள் என்று நினைக்கிறேன். கதிர்காமத்துக்கு எடுத்துப் போகும் பழவட்டியும் நம் அர்ச்சனைத் தட்டும் அவளுக்கு வேறுவேறாகத் தெரியப்போவதில்லை. தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, கற்பூரம், பூ. பூவை மோந்து பார்க்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை, புத்தருக்கு வைக்கிற பூவுக்கும் அதே கட்டுப்பாடுதான்.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர். 2014இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன் வாவியைப் பாதையில் (மிதவைப் படகில்) கடந்துதான் போக வேண்டும். பாதை ஏறும்போதே பெரியவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வதைச் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். பறங்கியர் காலத்தில் புல்லுத் தின்ற கல் நந்தியின் கதையைப் பேரனுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நந்திக்கும் சுவாமிக்கும் நடுவே ஓடாமல் பின்பக்கத்தால் சுற்றி வரப் பழக்குங்கள். கதை கேட்ட பிள்ளை நந்தியைக் கண்டால் பயபக்தியோடு தானாகவே சுற்றிப்போகும்.

ஒரு விடயத்தை மருமகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: குரவை. பூசை உச்சத்தில் பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சில் குரவையிடும்போது பழகாதவர்கள் திடுக்கிட்டுவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அது மங்கலச் சத்தம். ஆசையாக இருந்தால் அவளும் போடட்டும்.

யூலை 12

கண்ணகி அம்மன் கோவில்களைப் பற்றி நான் எழுதவில்லை என்று ஒரு பெரியவர் கோபித்திருக்கிறார். ஐயா, நியாயமான கோபம். வைகாசிச் சடங்கு முடிந்து, அம்மனின் கோபம் தணியப் பாடும் குளிர்த்தியும் பாடிக் கதவு அடைத்தாயிற்று. பல ஊர்களில் இனி அடுத்த வைகாசிக்குத்தான் திறக்கும், ஆகவே அக்காவின் கேள்விக்குள் அது வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அங்கே பூசை செய்கிறவர் பெரும்பாலும் கட்டாடியார். சடங்கு நாட்களில் ஊரே மச்சம் (மீன், இறைச்சி) ஒதுக்கும். உருக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது, விரலால் காட்டக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. குளிர்த்தி பாடும்போது எழும்பிப் போகக்கூடாது. கண்ணகி கதையைப் பாடும் வழக்குரையில் கோவலன் இறந்த இடம் வரும்போது அழுகிற பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அப்போது பக்கத்தில் இருந்துகொண்டு கச்சான் (நிலக்கடலை) கோது உடைப்பது கோவிலுக்கு மட்டுமல்ல, அந்தப் பாட்டிக்கும் செய்கிற அவமரியாதை.

அக்கா, அடுத்த வைகாசிக்கு மருமகளைக் கூட்டி வாருங்கள். அவள் பத்தினித் தெய்யோ என்று அறிந்திருக்கிறவள்தான் நம் கண்ணகை. கயவாகு அரசன் கொண்டுவந்த வழிபாடு என்று அவர்களும் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம்.

யூலை 15

கல்முனையிலிருந்து ஒரு தம்பி: கூட வேலை செய்யும் முஸ்லிம் தோழி பாண்டிருப்பில் தீமிதிப்பைப் பார்க்க ஆசைப்படுகிறார், தலைச்சீலையோடு வரலாமா?

வரலாம். தலையில் துணி கட்டக்கூடாது என்ற விதி, கும்பிட வருகிற நம் ஆண்களின் தலைப்பாகைக்கும் தொப்பிக்கும். அவருடைய தலைச்சீலை அவருடைய மானம், அதைக் கழற்றச் சொல்ல நாம் யார்? செருப்பை மட்டும் வெளியே விடட்டும். திருநீறு நீட்டினால் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. நீங்கள் பக்கத்தில் நின்று நீட்டுகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். தீக்குழியை ஒட்டி நெருங்க வேண்டாம். மஞ்சள் உடுத்து விரதம் பிடித்து வருகிறவர்கள் தம்மை மறந்து வருவார்கள், வழி விட வேண்டும். திரௌபதை அம்மனின் வனவாசத்திலிருந்து தீமிதிப்பு வரைக்கும் ஒரு கதையாகவே நடக்கிறது. தம்பி, அவருக்கு அதை முதலே சொல்லிக் கொடுங்கள். இல்லையென்றால் நெருப்பு மட்டும்தான் தெரியும்.

யூலை 17

துடக்கைப் (தீட்டு) பற்றிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். மரணத் துடக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை, பிள்ளைப்பேற்றுத் துடக்கும் அப்படியே. இதில் குடும்பத்துக்குக் குடும்பம் நாள் வித்தியாசம் உண்டு. மாதத் துடக்கு பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். போவதா விடுவதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. வாசலில் நின்று ஒரு பெண்ணிடம் அதைக் கேட்கிற தொண்டர், ஆணானாலும் பெண்ணானாலும், அன்றைக்கே தன் தொண்டர் பட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா, மருமகளுக்கு நம் வழக்கத்தைத் தனியாக, முன்னதாகச் சொல்லுங்கள். அன்றைக்கு வரமுடியாமல் போனால் தீர்த்தத்தைப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

யூலை 20

மாமாங்கத்தில் கொடி ஏறித் திருவிழா நடக்கிறது. தீர்த்தம் 24ஆம் திகதி வியாழக்கிழமை. அதற்கு முன் ஒரு விடயம், இதை எல்லோரும் வாசிக்க வேண்டும்.

குளத்தில் முழுகும் பெண்களைப் படம் எடுக்காதீர்கள். கைத்தொலைபேசியிலும் எடுக்காதீர்கள், மேலே பறக்கவிடுகிற கமராவிலும் எடுக்காதீர்கள். தகப்பனுக்காக விரதம் பிடித்து, ஈர உடுப்போடு தண்ணீருக்குள் நின்று கண்ணை மூடிக் கும்பிடுகிற பெண்ணின் படம், இரவாகுமுன் ஆயிரம் பேரின் கைகளில் ஓடுகிறது. "பக்திப் பரவசம்" என்று தலைப்பும் போடுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கு இது நடந்தது. அதன் பிறகு அவள் தீர்த்தமாடப் போவதில்லை. கரையில் நின்று காலை நனைத்துவிட்டு வருகிறாள். மரியாதையான உடுப்பு என்று பெண்ணைப் பார்த்து இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மரியாதையான பார்வை என்று ஆணைப் பார்த்து ஒரு தடவையாவது ஒலிபெருக்கியில் சொன்னோமா? இந்த வருடம் எங்கள் கோவிலில் சொல்ல வைத்திருக்கிறேன். பெண்கள் முழுகும் கரையில் நிற்கிற தொண்டர்கள் குளத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்றும் தீர்மானித்திருக்கிறோம். மற்றக் கோவில்களும் செய்தால் நல்லது.

ஈரத்தோடு உள்வீதிக்குப் போகாதீர்கள். நிலம் வழுக்கும், வயதானவர்கள் விழுகிறார்கள். மாற்றுடுப்பை இறுக்க முடிச்சுப் போட்ட பையில் வைத்து, குளிக்காத ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

யூலை 22

சுருக்கமாகச் சில. விடிய முன்னரே வந்துவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு மணல் கொதிக்கும், பேரனைத் தூக்கித்தான் நடக்க வேண்டிவரும். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், வாசலில் விட்டால் திரும்பும்போது வேறு சோடிதான் கிடைக்கும். அர்ச்சனை டிக்கெட் எடுக்கும்போது மருமகளுக்கு நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். விழுந்து கும்பிடுவது கொடிமரத்துக்கு வெளிப்பக்கத்தில். பெண்கள் முழங்காலில் இருந்து குனிந்து தலை நிலத்தில் பட. திருநீற்றை வலக்கையால் வாங்கி நிலத்தில் சிந்தாமல் பூசட்டும். மிச்சத்தைத் தூணில் தடவ வேண்டாம், ஒரு காகிதத் துண்டில் மடித்துக்கொள்ளலாம். சண்டேசுவரருக்கு முன் நூல் இழுத்துப் போடுவதும் பலமாகக் கைதட்டுவதும் வேண்டாம். மெல்லத் தட்டினாலே அவருக்குக் கேட்கும்.

யூலை 26

அக்காவின் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகமாக வந்து போனது சந்தோசம். மருமகள் கருநீல உடுப்போடு முழுகி, வெள்ளை மாற்றி, மஞ்சள் சால்வையோடு சுவாமி கும்பிட்டாளாம். மகன் வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாராம். ஒரு ஆச்சி மருமகளின் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார். வெள்ளையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லையாம். தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.

அர்ச்சனைத் தேங்காயில் பாற்சோறு பொங்கலாமா என்று மருமகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் பொங்கலாம், அது பிரசாதம்தான். மச்சம் சமைத்த சட்டியில் மட்டும் வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் வைக்கவும் வேண்டாம், உடைத்த தேங்காய் இந்த வெயிலுக்கு அழுகிவிடும்.